உபாத்தியாயர்களின் பயமும் உபதேசிகளின் மருந்தும்

கொரோனா என்னும் தொற்றுநோய் உலகத்தை ஆட்டிவைத்த 2020, 2021ம் வருஷங்களில் உபாத்தியாயர்கள் பட்ட மனக்கலக்கத்தைப் பற்றி இப்போது கூட்டம் போட்டுப் பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. பேச வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்லும் மருந்து ஒன்றேதான். மூச்சை இழுத்து விடு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார், நல்லதையே நினை, மேலே ஒருவன் இருக்கிறான், பாரத்தை அவன்மீது போட்டுவிட்டு நிம்மதியாய் இரு என்பதுதான் அது.

மூச்சை இழுத்து விடுவதில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. அதனால் யாருக்கும் கெடுதலும் இல்லை, காசும் செலவில்லை. மத்திய சர்க்கார் 2020 ஜூலையில் "மனோதர்ப்பண்" என்ற பெயரால் மாணவர்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் டெலிபோனில் ஆறுதல் சொல்ல ஓர் ஏற்பாடு செய்தது. அதையும் நாம் குறை சொல்ல வரவில்லை. அழுகிறவன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பது நல்ல காரியமே. ஆனால் கூரை ஒழுகுகிற வீட்டுக்காரனுக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்துவிட்டு, கூரையைப் பற்றிப் பேசாதே, பேசினால் மன அமைதி கெடும் என்று சொன்னால் அதை ஆறுதல் என்பதா, ஏமாற்று என்பதா என்றுதான் கேட்கிறோம்.

பயம் கூடாது, பயத்தை ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராய்ச் சொல்லி வருகிற கூட்டத்தைச் சேர்ந்த நாமே உபாத்தியாயர்கள் பயந்தது சரி என்று பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பயத்தில் இரண்டு விதம் உண்டு. பேய்க்கும் பூனை குறுக்கே போனதற்கும் ராகுகாலத்துக்கும் பயப்படுகிறவன் அறிவை உபயோகிக்காததால் பயப்படுகிறான். தொற்றுநோய்க்குப் பயந்த உபாத்தியாயரோ அறிவை உபயோகித்ததால் பயந்தார். ஒரு அறையில் 40 பிள்ளைகள், அடைத்த ஜன்னல், எந்தப் பிள்ளையின் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது தெரியாது, தன் வீட்டிலோ அறுபது எழுபது வயதுத் தாய் தகப்பன், ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, பிராணவாயு இல்லை, தடுப்பூசியும் இல்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். விடை பயமாய் வந்தது. கணக்குச் சரியாய் இருக்கும்போது விடையை மட்டும் அழித்துவிட்டு "தைரியம்" என்று எழுதிக்கொள் என்பது என்ன வாத்தியார்த்தனம்?

அந்தக் கணக்கு சரிதானா என்று சந்தேகிப்பவர்கள் உத்தரப் பிரதேசத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். 2021 ஏப்ரல் மாதம் 15, 19, 26, 29 ஆகிய தேதிகளில் அங்கே பஞ்சாயத்துத் தேர்தல் நான்கு தவணைகளாக நடந்தது. இந்தியா முழுவதும் ஒரே நாளில் கண்டறியப்பட்ட நோயாளிகளின் தொகை மூன்று லட்சத்தைத் தாண்டியது ஏப்ரல் 22ந் தேதி. அதாவது தேர்தலுக்கு நடுவிலே. சுடுகாட்டில் இடமில்லாமல் பிணங்கள் வரிசையில் காத்துக்கிடந்த அந்த வாரங்களில் ஓட்டுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாய்ப் போனவர்கள் யார்? ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்கள். தேர்தலைத் தள்ளிவையுங்கள் என்று அவர்களுடைய சங்கம் முன்கூட்டியே கெஞ்சியது. கேட்கப்படவில்லை. வராதவர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்ற மிரட்டல்தான் பதிலாய்க் கிடைத்தது. 45 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தடுப்பூசி திறந்துவிடப்பட்டது மே 1ந் தேதிதான். அதற்குள் நான்கு தவணை ஓட்டும் முடிந்துவிட்டது. மே 2ந் தேதி எண்ணிக்கை.

தேர்தல் வேலைக்குப் போன 135 பேர் மாண்டார்கள் என்று பத்திரிகையில் வந்ததைப் பார்த்து அலகாபாத் ஹைக்கோர்ட்டே ஏப்ரல் கடைசியில் தேர்தல் கமிஷனுக்கு நோட்டீஸ் விட்டது. மே 16ந் தேதி உபாத்தியாயர் சங்கம் முதல் மந்திரிக்கு ஒரு ஜாபிதா அனுப்பியது. உபாத்தியாயர்களும் பள்ளி ஊழியர்களுமாக மாண்டவர் தொகை 1,621 என்றது அந்த ஜாபிதா.

சர்க்கார் கொடுத்த பதில் என்ன தெரியுமா? மூன்று. மூன்றே மூன்று பேர்தான் தேர்தல் வேலையில் மாண்டவர்கள் என்று கல்வி இலாகா அறிக்கை விட்டது.

1,621 எப்படி 3 ஆயிற்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதில்தான் முழு வித்தையும் அடங்கியிருக்கிறது. தேர்தல் கமிஷன் விதிப்படி, வேலைக்காக ஒருவர் வீட்டை விட்டுப் புறப்பட்டது முதல் வேலை முடிந்து வீடு திரும்பும் வரை நேர்ந்த சாவுதான் தேர்தல் வேலையில் நேர்ந்த சாவு. பெட்டி தூக்கிப் போகும் லாரி கவிழ்ந்தால், துப்பாக்கிக் குண்டு பட்டால் என்ற காலத்தை உத்தேசித்து எழுதப்பட்ட விதி அது. கொரோனா கிருமி உடம்பில் நுழைந்து நோய் தலைகாட்டவே சராசரி ஐந்து ஆறு நாள் ஆகும்; பதினான்கு நாள் வரைகூட ஆகலாம். அப்புறம் காய்ச்சல், மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரி வாசல், சாவு. அப்படியானால் ஓட்டுச்சாவடியில் நோய் தொற்றிய ஒருவர் இந்த விதிப்படி "வேலையில்" சாக வேண்டுமானால், கிருமி தொற்றிய அன்று மாலையே, வீட்டுப்படி ஏறுவதற்கு முன் செத்து விழ வேண்டும்! கிருமிக்கே அவ்வளவு அவசரம் கிடையாது. இந்த விதியை வைத்துக்கொண்டு எண்ணினால் ஒருவர்கூடத் தேற முடியாது. மூன்று பேர் எப்படித் தேறினார்கள் என்பதுதான் நமக்கு ஆச்சரியம்.

இதைக் கண்டு நாடெங்கும் காறித் துப்பிய பிறகு விதி மாற்றப்பட்டது. வேலை பார்த்த நாளிலிருந்து 30 நாளைக்குள் மாண்டவர்களும் கணக்கில் சேர்க்கப்பட்டு, குடும்பம் ஒன்றுக்கு 30 லட்சம் ரூபாய் என்று உத்தரவாயிற்று. மூன்று என்று எழுதிய அதே சர்க்கார், பல இலாகா ஊழியர்களையும் சேர்த்து 2,000-க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு அந்தத் தொகையை ஒதுக்கியது. அப்படியானால் முதலில் சொன்ன மூன்று யாருடைய மூன்று? இதற்கு மன்னிப்புக் கேட்கப்பட்டதா? இந்த 30 நாள் கெடுவும் எவ்வளவு வேடிக்கையானது என்று பாருங்கள். நோய் கண்டு 29ம் நாள் மாண்டவர் வேலையில் மாண்டவர். நல்ல வைத்தியம் கிடைத்ததால் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்து 35ம் நாள் மாண்டவர் சும்மா மாண்டவர்! கோவிட்டுக்கென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் பின்னால் இருதயம் நின்று இறந்தாலும் வேறு எதனால் இறந்தாலும் அது கோவிட் சாவேதான் என்று அதே ஹைக்கோர்ட் 2022 ஜூலையில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காகக் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் தாலியறுத்தவர்கள்.

தேர்தலை நடத்தச் சொன்னதே கோர்ட்தானே, சர்க்கார் என்ன செய்யும் என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. ஏப்ரல் 30-க்குள் முடி என்று கோர்ட் சொன்னது உண்மைதான். ஆனால் அது சொன்னது பிப்ரவரியில்; நோய் தலைவிரித்தாடியது ஏப்ரலில். நிலைமை மாறிவிட்டது, தவணை கொடுங்கள் என்று கேட்க ஒரு வக்கீல்கூடவா சர்க்காரிடம் இல்லை? சர்க்காருக்கு வேண்டுமென்றால் ஒரு வழக்கில் எத்தனை தவணை கேட்பார்கள் என்பது கோர்ட்டுப் படி ஏறிய ஏழைக்குத் தெரியும்.

நிற்க. அதே ஏப்ரல் மாதத்தில் ஹரித்துவாரத்தில் கும்பமேளா நடந்தது. 2010-க்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் கழித்து 2022-ல் வரவேண்டியதை, வியாழக்கிரகம் கும்பராசிக்கு வரும் கணக்குப்படி 2021-லேயே நடத்தினார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் கங்கையில் இறங்கினார்கள். பஞ்சாங்கத்தில் வியாழன் நகர்ந்ததற்காகத் தேதியை ஒரு வருஷம் முன்னால் இழுக்க முடிந்தது. ஆயிரக்கணக்கான உபாத்தியாயர்களின் உயிருக்காக ஒரு பஞ்சாயத்துத் தேர்தலை இரண்டு மாதம் பின்னால் தள்ள முடியவில்லை. இந்த நாட்டில் கிரகத்துக்கு இருக்கிற செல்வாக்கு வாத்தியாருக்கு இல்லை.

இந்தச் சந்தர்ப்பத்தில் உபாத்தியாயத் தோழர்களிடமும் சில வார்த்தை கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020 மார்ச் 22ந் தேதி மாலை ஐந்து மணிக்குத் தட்டைத் தட்டச் சொன்னார்கள். ஏப்ரல் 5ந் தேதி இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார்கள். வைத்தியர்களுக்கு நன்றி என்ற அளவில் கைதட்டினால் பாதகமில்லை. ஆனால் அந்தச் சத்தத்தால் கிருமி சாகும், ஒன்பதும் ஒன்பதும் சேர்ந்தால் கிரகபலம் என்று கைபேசியில் வந்த புளுகையெல்லாம் நாலு பேருக்கு அனுப்பியவர்களில், பகலில் விஞ்ஞானப் பாடம் நடத்துகிற வாத்தியார்களும் இருந்தார்கள் அல்லவா? கோவையை அடுத்த இருகூரில் 2021 மே மாதம் "கொரோனா தேவி" என்று ஒரு சிலையே செய்து வைத்துப் பூசை போட்டார்கள். ஒரு நோய்க்குச் சிலை வைக்கத் துணிந்தவர்களைப் பார்த்து, கிருமியைப் பூதக்கண்ணாடியில் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய நாம் சும்மா இருந்தோமே என்று எத்தனை உபாத்தியாயர்கள் வெட்கப்பட்டார்கள்? பயத்தில் இருக்கிறவன் எதையும் நம்புவான் என்பது புரோகிதனுக்குத் தெரியும். அவன் பிழைப்பே அதில்தான். பாடம் சொல்லுகிறவனும் அந்த வரிசையில் போய் நின்றால் அப்புறம் பள்ளிக்கூடம் எதற்கு?

உயிர் பயம் ஒருபுறம் இருக்க, வயிற்றுப் பயம் என்று ஒன்று உண்டு. அதைப் பற்றி மனோதத்துவம் பேசுகிறவர்கள் வாயே திறப்பதில்லை. நம் தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பத்தாம் வகுப்புப் பரீட்சை ஜூன் மாதம் ரத்தாயிற்று. ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை பிள்ளைகள் மறுபடி பள்ளிக்கு வந்தது 2021 நவம்பர் 1ந் தேதி. இந்தப் பத்தொன்பது மாதமும் தனியார் பள்ளி உபாத்தியாயர்கள் எதைத் தின்றார்கள்? பாதிச் சம்பளம், கால் சம்பளம், பல பேருக்கு ஒன்றுமே இல்லை. எம்.ஏ., பி.எட். படித்தவர்கள் காய்கறி வண்டி தள்ளியதும், நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி தூக்கியதும், டீக்கடை வைத்ததும் பத்திரிகைகளில் படத்தோடு வந்தது. காய்கறி விற்பதும் மண்வெட்டுவதும் இழிவு என்று நாம் சொல்லமாட்டோம். வேலையில் உயர்வு தாழ்வு பார்ப்பது வர்ணாசிரமக்காரன் புத்தி. ஆனால் "நீங்கள் குரு, தெய்வத்துக்கும் ஒருபடி மேல்" என்று வருஷா வருஷம் மாலை போட்ட முதலாளி, முதல் மாதமே கதவைச் சாத்திக்கொண்டானே, அதுதான் இழிவு.

கட்டணம் வரவில்லை, நாங்கள் எங்கே போவோம் என்றார்கள் பள்ளி முதலாளிகள். சென்னை ஹைக்கோர்ட் 2020 ஜூலையில் 40 சதவிகிதம் கட்டணம் வசூலிக்க அனுமதித்தது. மீதியில் 35 சதவிகிதம் பின்னால் வாங்கலாம் என்றது. உபாத்தியாயர் சம்பளத்தைக் காட்டித்தான் முதலாளிகள் கோர்ட்டில் கேட்டார்கள். வாங்கிய பணத்தில் சம்பளமாய்ப் போனது எவ்வளவு என்று கணக்குக் காட்டு என்று கேட்டவர் யார்? பல பள்ளிகளில் நியமன உத்தரவே எழுத்தில் கிடையாது. அப்படியிருக்கப் பாக்கிச் சம்பளத்துக்கு எதைக் காட்டி வழக்குப் போடுவது? தெலங்கானா சர்க்காராவது 2021 ஏப்ரலில் தனியார் பள்ளி உபாத்தியாயர்களுக்கும் ஊழியர்களுக்கும் மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் கொடுப்பதாய் அறிவித்தது. அது போதுமா என்றால் போதாது. ஆனால் வாத்தியாருக்கும் வயிறு உண்டு என்று ஒப்புக்கொண்ட அளவுக்கு அது யோக்கியமான காரியம். கடன்காரனுக்குப் பதில் சொல்ல முடியாமல் இரவெல்லாம் விழித்திருந்த ஒரு உபாத்தியாயினிக்குத் தூக்கம் வர வேண்டிய மருந்து தியானம் அல்ல, பாக்கிச் சம்பளம்.

சர்க்கார் பள்ளி உபாத்தியாயர்களுக்குச் சம்பளம் வந்தது. அதனால் அவர்களுக்குக் கவலை இல்லை என்று எண்ண வேண்டாம். "வீட்டில் உட்கார்ந்துகொண்டு சும்மா சம்பளம் வாங்குகிறார்கள்" என்று டீக்கடையிலிருந்து டெலிவிஷன் வரை பேசாதவர் இல்லை. அந்தச் சும்மா இருந்தவர்கள்தான் பாடப்புத்தகமும் சத்துணவுக்குப் பதிலான அரிசி பருப்பும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். நோய்க் கணக்கெடுக்க வீடு வீடாய் அனுப்பப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அகவிலைப்படி உயர்வு 2020 முதல் நிறுத்தி வைக்கப்பட்டது. மரத்தடியிலும் கோயில் திண்ணையிலும் ஐந்தாறு பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, யார் உத்தரவும் இல்லாமல் பாடம் சொன்னவர்களும், சொந்தப் பணத்தில் பிள்ளைக்குக் கைபேசி வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு. சும்மா இருந்தவர்கள் சிலரும் இருந்திருப்பார்கள். எந்த உத்தியோகத்தில் இல்லை? ஒரு வகுப்பாரையே சோம்பேறி என்று தூற்றுவது நமக்குப் பழகிப்போன வித்தை.

ஆன்லைன் வகுப்பு என்பது இன்னொரு தலைவலி. ஒரு வீட்டில் ஒரு கைபேசி. அது தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். 40 பேர் வகுப்பில் பத்துப் பேர் முகம் தெரிந்தால் பெரிது. சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல் பேச வேண்டும். பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெற்றோர் குற்றம் கண்டுபிடிப்பார்கள். பள்ளி முதலாளி உள்ளே நுழைந்து வேவு பார்ப்பான். இதில் பெண் உபாத்தியாயர் பாடு இரட்டைப் பாடு. அடுப்பில் குழம்பு, மடியில் குழந்தை, மாமியாருக்கு இருமல், எதிரே காமிரா. புருஷன் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பான். மனைவி வீட்டிலிருந்து வேலை பார்த்தால் அது வேலையாகவே எண்ணப்படுவதில்லை. இவளுக்குப் படபடப்பு வந்தால், "யோகம் பழகம்மா" என்கிறார்கள். அரைமணி நேரம் யோகம் பழக அவளுக்கு நேரம் யார் கொடுப்பது? புருஷன் ஒருவேளை சமைக்கட்டும். அவள் படபடப்பில் பாதி குறையும்.

தொற்றுநோய்க் காலத்தில் உபாத்தியாயர் எப்படி இருந்தார் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1897-ல் புனாவில் பிளேக் பரவியபோது, தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் பள்ளிக்கூடம் வைத்ததற்காகச் சாணியும் சேறும் எறியப்பட்ட சாவித்திரிபாய் பூலே, டாக்டரான தம் வளர்ப்பு மகன் யஷ்வந்தோடு சேர்ந்து ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கு வைத்தியசாலை ஏற்படுத்தினார். பிளேக் கண்ட ஒரு தீண்டப்படாத வகுப்புப் பையனைத் தாமே தூக்கிவந்து, அதனாலேயே நோய் தொற்றி மார்ச் 10ந் தேதி இறந்தார். அந்த அம்மையார் பிளேக் மாரிக்குக் கூழ் ஊற்றச் சொல்லவில்லை. வைத்தியனையும் படுக்கையையும் தேடினார். அவர் இறந்த அதே வருஷம் ஜனவரியில்தான் பம்பாயில் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி தாம் செய்த பிளேக் தடுப்பூசியை முதலில் தம் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். ஆனால் சாவித்திரிபாய் தாமாகவே போனார். யாரும் அவரை உத்தரவு போட்டு மிரட்டி அனுப்பவில்லை. இந்த உதாரணத்தை எடுத்துக்கொண்டு, "பார், தியாகம் செய்" என்று சம்பளக்காரனை விரட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

இனி என்ன செய்வது என்றால், 2009ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 27ம் பிரிவை உபாத்தியாயர் ஒவ்வொருவரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பாடம் சொல்வதைத் தவிர வேறு வேலைக்கு அவர்களை அனுப்பக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஜனக்கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறது அந்தப் பிரிவு. அதாவது வெள்ளமானாலும் கொள்ளைநோயானாலும் ஓட்டானாலும் வாத்தியாரைக் கூப்பிடு என்பதே சட்டம். நல்லது, கூப்பிடட்டும். ஆனால் கூப்பிட்டவுடனே அவருக்கு முதல் வரிசைத் தடுப்பூசி, மாண்டால் குடும்பத்துக்கு இவ்வளவு என்ற முன்கூட்டிய உத்தரவு, கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் விலக்கு, இவை மூன்றும் அதே பிரிவில் ஏன் இல்லை? மத்திய சர்க்கார் உபாத்தியாயர்களுக்கென்று மாகாணங்களுக்குத் தனியாய் இரண்டு கோடி டோஸ் தடுப்பூசி கொடுத்தது 2021 ஆகஸ்டில். செப்டம்பர் 5ந் தேதி ஆசிரியர் தினம் வருகிறது, அதற்குள் போட்டுவிடுங்கள் என்றார்கள். உத்தரப் பிரதேசத்தில் ஓட்டுப்பெட்டி தூக்கியவர்களின் சாம்பல் கரைந்து நாலு மாதம் ஆன பிறகு!

தனியார் பள்ளி உபாத்தியாயர்களோ சர்க்கார் உபாத்தியாயர் சங்கத்தில் சேர முடியாமலும், தங்களுக்கென்று பலமான சங்கம் இல்லாமலும் தனித்தனியாக நின்று உதைபடுகிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் 1,621 என்ற எண்ணிக்கை எப்படி வெளியே வந்தது? மாண்டவர் பெயரை ஜில்லா ஜில்லாவாக எழுதி எடுக்க ஒரு சங்கம் இருந்ததால் வந்தது. சங்கம் இல்லாத ஊரில் எத்தனை பேர் மாண்டார்கள், எத்தனை பேர் பட்டினி கிடந்தார்கள் என்பதற்கு ஜாபிதா எழுத ஆளில்லை. நியமன உத்தரவை எழுத்தில் கேட்பதும், சம்பளத்தைப் பாங்கி மூலம் கேட்பதும், மாதம் பத்து ரூபாயாவது போட்டு ஒரு சகாய நிதி வைப்பதும் நோய் இல்லாத இந்த நாளில் செய்யவேண்டிய வேலை. அடுத்த ஆசிரியர் தின விழாவில் மாலையோடு முதலாளி மேடைக்கு வரும்போது, மாலையைக் கீழே வைத்துவிட்டு, 2020-ம் வருஷத்துச் சம்பளப் பாக்கி எங்கே என்று கேட்க எத்தனை பேர் தயாராய் இருக்கிறார்கள்?